சேர்ச் பண்ணினா எல்லாத்துக்கும் கீழ ஒரே வரி வருது, என்ன செய்யிறது?

வெள்ளவத்தையில புடவைக்கடை வச்சிருக்கிற தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா. கடை வெப்சைட்டில "கூறை" எண்டு தேடினா சாமான் எல்லாம் சரியாத்தான் வருதாம், ஆனா ஒவ்வொண்டுக்கும் கீழ "காலி வீதி, வெள்ளவத்தை, நாடு முழுக்க டிலிவரி" எண்டு ஒரே வரிதானாம், கூறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம், சிலதில கடைசி எழுத்து கறுப்புக் கட்டத்துக்குள்ள கேள்விக்குறியா நிக்குதாம். சைட் வேர்ட்பிரஸ் எண்ட வெப்சைட் கட்டுற மென்பொருளில செய்ததாம்.

உங்கட சேர்ச் பழுதில்லை தங்கச்சி. தேடுறது ஒரு வேலை, கீழ துண்டு காட்டுறது வேற வேலை. தேடேக்க வேர்ட்பிரஸ் தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் மூண்டையும் பார்க்கும், ஆனா துண்டு போடேக்க நீங்கள் என்ன சொல்லைத் தேடினீங்கள் எண்டதைக் கவனிக்கவே கவனிக்காது, கையால எழுதின சுருக்கம் இருந்தா அதைப் போடும், இல்லாட்டி பக்கத்தின்ர தொடக்கத்தில இருந்து 55 சொல்லை வெட்டிப் போடும். நீங்கள் ஒவ்வொரு சாமானுக்கும் மேல விலாசத்தையும் டிலிவரி விபரத்தையும் கொப்பி பண்ணி ஒட்டியிருப்பீங்கள், கன கடைக்காரர் செய்யிறதுதான். அதைத் தூக்கி ஃபுட்டருக்குள்ள, எண்டா எல்லாப் பக்கத்துக்கும் அடியில வாற பகுதிக்குள்ள, போடுங்கோ.

பிறகு சுருக்கப் பெட்டியை நிரப்புங்கோ. கடை நடத்த வூகொமர்ஸ் எண்ட பிளகின், எண்டா துணை மென்பொருள், போட்டிருந்தா ஷோர்ட் டிஸ்கிரிப்ஷன் எண்டு இருக்கும், அதேதான். "சிவப்புக் கூறைச்சாறி, தங்கச் சரிகை, பிளவுஸ் துணியோட" எண்டு ஒரு வரி போதும். அலுப்புப் பிடிச்ச வேலைதான், ஆனா இதை விட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

சாமான் நூற்றுக்கணக்கில எண்டா ரெலவன்சி எண்ட பிளகினைப் போடலாம், இலவசப் பதிப்பே காணும். அது தேடின சொல் எங்க வருதோ அதைச் சுத்தி வெட்டி, அந்தச் சொல்லை ஹைலைட் பண்ணியும் காட்டும். போட்ட உடன இன்டெக்ஸ், எண்டா எந்தச் சொல் எந்தப் பக்கத்தில இருக்கு எண்ட பட்டியல், கட்டோணும், கட்டாம விட்டுட்டு வேலை செய்யேல்லை எண்டு சொல்லிற ஆக்கள்தான் கூட. சுருக்கப் பெட்டியையும் இன்டெக்ஸில சேர்க்கச் சொல்லி டிக் ஒண்டு இருக்கு, அதையும் பாருங்கோ.

கறுப்புக் கட்டம் உங்கட தீம், எண்டா சைட்டின்ர தோற்றத்தைத் தாற பகுதி, செய்தவரின்ர வேலை. கொம்பியூட்டர் எழுத்தைச் சேமிக்கிற இடத்தை பைட்டில அளக்கும், இங்கிலீஷ் எழுத்து ஒண்டுக்கு 1 பைட், தமிழில க, ா, ி எண்டு ஒவ்வொண்டும் 3 பைட் பிடிக்கும், வேர்ட்பிரஸ்ஸின்ர சொல் கணக்கை விட்டுட்டு அவர் பைட் கணக்கில வெட்டியிருக்கிறார், கத்தி அந்த மூண்டுக்கு நடுவில விழுந்தா எழுத்து உடையும், எல்லையில விழுந்தா தப்பும், அதுதான் சிலதில மட்டும் வருது. சரி, பைட்டை விட்டுட்டு எழுத்துக் கணக்கில வெட்டட்டும் எண்டா அதுவும் சரிவராது, "சாறி" எண்டது "சாற" எண்டு நிக்கும், ஏனெண்டா மேல இருக்கிற விசிறியை (ி) கொம்பியூட்டர் தனி எழுத்தா எண்ணுது. சொல் கணக்கில வெட்டச் சொல்லுங்கோ, வேர்ட்பிரஸ்ஸிலயே டபிள்யூபி ட்ரிம் வேர்ட்ஸ் எண்டு அதுக்கு ஃபங்ஷன் இருக்கு. மாத்திறதை சைல்ட் தீமில, எண்டா அசல் தீமைத் தொடாம மாற்றத்தை மட்டும் தனியா வைக்கிற தீமில, மாத்தச் சொல்லுங்கோ, இல்லாட்டி அடுத்த அப்டேட்டோட போயிடும்.

நீங்கள் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லிறன். "கலியாணம்" எண்டு ஒராள் தேடுறா, உங்கட பக்கத்தில "கலியாணத்துக்கு" எண்டுதான் இருக்கு, வேர்ட்பிரஸ் அதைப் பிடிக்காது, அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் பார்க்குது, வேற்றுமை உருபெல்லாம் அதுக்கு விளங்காது. அதால சுருக்கத்தில "கலியாணம்", "பட்டு" எண்டு மொட்டைச் சொல்லையும் எங்கயாவது சொருகி விடுங்கோ. பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்டில அடிச்ச பக்கம் இருந்தா யூனிகோட்டுக்கு மாத்தாம ஒண்டும் சரிவராது, துண்டில வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பைதான் வரும்.

கூகிளில வாற துண்டு இதோட சம்பந்தமில்லாதது. அது பெரும்பாலும் பக்கத்தில இருக்கிற எழுத்தில இருந்து தானே எடுக்கும், சிலவேளை மெட்டா டிஸ்கிரிப்ஷனையும், எண்டா தேடல் எஞ்சினுக்கெண்டு பக்கத்துக்குள்ள எழுதி வைக்கிற விபரத்தையும், எடுக்கும், நீங்கள் எழுதினதைத்தான் போடோணும் எண்டு அதுக்குக் கட்டாயம் இல்லை.