பந்து வாங்கலாமா, பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறோம். மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டுக்காரருக்குத் தறியில் கை மாட்டி, வலது கை மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நரம்பு அறுந்துவிட்டது. உள்ளங்கைப் பக்கம். ஆபரேஷன் செய்து சேர்த்திருக்கிறார்கள். இப்போது ஆக்குபேஷனல் தெரபிக்கு வாரம் இரண்டு முறை வரச் சொல்கிறார்கள். ஒரு தடவைக்கு 500 ரூபாய், பத்துத் தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் 4,000. ஆன்லைனில் அழுத்துகிற பந்து, ஸ்பிரிங் பிடி, விரல் ரப்பர் எல்லாம் சேர்ந்த செட் 900 ரூபாய்தான். அதை வாங்கி வீட்டிலேயே செய்தால் போதாதா?

பதில்: அந்த செட்டை இப்போது வாங்காதீர்கள் அம்மா. பணம் வீணாகும் என்பதைவிட, சேர்த்தது மறுபடி அறுந்துபோகும் என்பதுதான் என் பயம்.

நாம் பேச்சில் நரம்பு என்று சொன்னாலும், விரலை மடக்க இழுக்கும் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். அறுந்திருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு உடனே தறியை ஓட்டலாம். தசைநாணில் அது நடக்காது. தையல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அறுந்த முனைகள் உள்ளே மெதுவாக ஒன்றுசேர வேண்டும். முதல் சில வாரங்கள் அது மிகவும் பலவீனமான இடம். அப்போது பந்தை அழுத்தினால் தையல் விட்டுப்போகும், இன்னொரு ஆபரேஷன் வரும். பயந்துகொண்டு விரலை அசைக்காமலே வைத்திருந்தாலும் ஆபத்துதான். தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் மடங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே, எந்த வாரத்தில் எவ்வளவு அசைக்கலாம் என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அந்த 500 ரூபாய். பொதுவாக முதல் ஆறு வாரம் ஸ்பிளின்ட்டுக்குள்ளேயே (கையைத் தாங்கிப் பிடிக்கும் அச்சு) பயிற்சி. வலுவான பிடி எட்டாவது வாரத்துக்குப் பிறகு, பாரமான வேலை மூன்று மாதம் கழித்து. ஆபரேஷன் செய்த டாக்டர் உங்கள் வீட்டுக்காரரின் கையைப் பார்த்து என்ன சொல்கிறாரோ, அதுதான் கணக்கு.

விரல் மடங்கினால் மட்டும் போதாது. சோறு பிசைய, வேட்டி கட்ட, பாவு பிணைக்க அந்தக் கை திரும்ப வர வேண்டும். அதைக் குறிவைத்துப் பயிற்சி கொடுப்பதுதான் ஆக்குபேஷனல் தெரபியின் வேலை. அதனால் முதல் நாளே, அவர் தறியில் கையால் என்னென்ன செய்வார் என்று விவரமாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, 4,000 ரூபாயை மொத்தமாகக் கட்டலாமா? உடனே வேண்டாம். இரண்டு தடவை 500 கொடுத்துப் போய்ப் பாருங்கள். பயிற்சி தருபவர் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிப் பட்டம்) படித்தவரா? விரல் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கருவி வைத்து அளந்து எழுதுகிறாரா? வீட்டில் செய்ய வேண்டியதை எழுதித் தருகிறாரா? அளக்காமல், ஒத்தடமும் கரன்ட் வைப்பதுமாகவே நேரம் போனால் வேறு இடம் தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மொத்தமாகக் கட்டுங்கள், 1,000 ரூபாய் மிச்சம். ஆனால் நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வேலை கெடுகிறதே என்ற கவலை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை வந்து, மீதியை வீட்டில் செய்ய முடியுமா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

என் பெரியம்மா மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டு பிரித்த பிறகு, மெடிக்கல் கடையில் ஒரு பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். விரல்கள் விறைத்து, முறுக்குப் பிழியக்கூட முடியாமல் போனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். கையில் அடிபட்டு, வீக்கத்தோடு இருந்தபோது 3,500 ரூபாய்க்கு ஸ்பிளின்ட் செய்தார்கள். வீக்கம் வடிந்ததும் தொளதொள என்றாகிவிட்டது. புதிதாகச் செய்ய மறுபடி பணம் கேட்கிறார்கள்.

பதில்: வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகடாக இருந்தால் புதிதாகச் செய்ய வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. அதையே திரும்பச் சூடாக்கிக் கைக்கு ஏற்ப அமுக்கிக் கொடுக்கலாம். (வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்துவிடாதீர்கள், தானாகவே வளைந்துவிடும்.) வீக்கம் வடியும் என்பது செய்தவருக்குத் தெரிந்த விஷயம்தானே? முதலில் எழுத்தில் கேளுங்கள். ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று. அடிபட்டது கம்பெனியில் வேலை செய்யும்போதா? சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் சிகிச்சைக்கு நீங்கள் கைப்பணம் போட்டிருக்கவே வேண்டாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதமும் கிடைக்கும். கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியிருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள்.