ஜிபிஎஸ் மாட்டாவிட்டால் எஃப்சி கிடைக்காதா?

கேள்வி: நாமக்கல்லில் 3 லாரி வைத்திருக்கிறேன். எல்லாம் வடநாட்டு லைன். ஜிபிஎஸ்ஸும் டீசல் சென்சாரும் மாட்டினால் டீசல் திருட்டு நின்று லாபம் கூடும், மாட்டாவிட்டால் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ தரும் சான்று) கிடைக்காது என்கிறார் ஒரு ஏஜென்ட். மாட்டலாமா?

பதில்: ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், எந்த வண்டிக்குக் கட்டாயம் என்று முதலில் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி, வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியைக் கட்டாயமாக்கியது பஸ், டாக்ஸி போன்ற பயணிகள் வண்டிகளுக்கு. முட்டை, சிமென்ட், இரும்பு ஏற்றும் சாதாரண லாரி அதில் வராது. ஆனால் நேஷனல் பர்மிட் லாரிகளுக்கும் கண்காணிப்புக் கருவி வேண்டும் என்று 2018இல் விதியைத் திருத்தினார்கள். உங்கள் வண்டிகள் வடநாட்டு லைன் என்பதால் ஆர்டிஓ ஆபீசிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

இன்னொரு வகை வண்டியும் உண்டு. உங்கள் ஊரில் கேஸ் டேங்கர் அதிகம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். கேஸ் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் லாரிக்கு இந்தக் கருவி கட்டாயம். அதுவும் ஏதோ ஒரு ஜிபிஎஸ் போதாது, ஏஐஎஸ் 140 தரச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். 3 வண்டியில் ஒன்று டேங்கர் என்றால் அந்த ஒன்றுக்குச் சான்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். விலை குறைவு என்று சான்றில்லாததை மாட்டினால் மறுபடி ஒரு செலவு. எந்த வண்டிக்குக் கட்டாயம், எதற்கு இல்லை என்று ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் தமிழில் ஒரு போர்டு வைத்தால் போதும். இத்தனை வருடமாக அதைக்கூடச் செய்யாததால்தான் ஏஜென்ட்டுகள் சொல்வது சட்டமாகிவிடுகிறது.

டீசல் சென்சார் உங்களுக்கு இப்போது வேண்டாம். டேங்குக்குள் இறக்கும் கம்பி அது. அளந்து அளந்து டீசல் ஊற்றி, ஒவ்வொரு அளவையும் கருவியில் பதிந்தால்தான் சரியாகக் காட்டும். அதற்குப் பொறுமையுள்ள ஏஜென்ட் அபூர்வம். கம்பியைச் சொருகிவிட்டுப் போய்விடுவார்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டேங்கில் டீசல் ஒரு பக்கம் சாயும், உங்கள் போனுக்குத் ‘திருட்டு’ என்று மெசேஜ் வரும். நீங்கள் டிரைவரைத் திட்டுவீர்கள், நல்ல டிரைவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். 3 வண்டிக்கு டேங்க் ஃபுல் பண்ணி, லோடுக்கு ஏற்றபடி மைலேஜ் கணக்கு எழுதினாலே போதும்.

கட்டாயம் இல்லாத வண்டியிலும் சாதாரண ஜிபிஎஸ் மாட்டலாம். ஆனால் டிரைவரைப் பிடிப்பதற்காக அல்ல. அமெரிக்க லாரிகளின் 1997ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஹப்பார்ட் என்ற பொருளாதார அறிஞர் செய்த ஆய்வில், வண்டி எங்கே இருக்கிறது என்று உடனுக்குடன் தெரிந்து, டிரைவருக்குத் தகவலும் அனுப்ப முடிந்த லாரிகள் 13 சதவீதம் அதிகமாகப் பயன்பட்டன. எந்த வண்டியை எந்த லோடுக்கு அனுப்புவது என்று நன்றாக முடிவெடுக்க முடிந்ததுதான் பெரிய காரணம். நீங்களும் வண்டி இறக்கப் போகும் நேரத்தைப் பார்த்து, முதல் நாளே புக்கிங் ஆபீசில் ரிட்டர்ன் லோடு பேசுங்கள். குடோன் வாசலில் 2 நாள் நிறுத்தி வைத்தால் ஜிபிஎஸ் ரிப்போர்ட்டைக் காட்டி ஹால்டிங் (காத்திருந்த நாளுக்கான பணம்) கேளுங்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு என்று லோடு ஏற்றும்போதே எல்ஆரில் (சரக்கு ரசீதில்) எழுதி வாங்குங்கள். எழுதாததை எந்தப் பார்ட்டியும் தர மாட்டார்.

லோடு தருகிறேன், ரிஜிஸ்ட்ரேஷன் பணம் அனுப்பு என்று போனில் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அப்புறம், ஜிபிஎஸ் வாங்கும்போது லாகின் உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். இரண்டாம் வருட ரீசார்ஜ் எவ்வளவு என்பதை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்.