வைகாசியில் கல்யாணம், மாசியில் ஞானஸ்நானம்

அன்புள்ள ஐயா,

என் மகள் இங்கிலாந்தில், நார்ஃபோக் பக்கத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். அவளுடைய பேறுகாலத்துக்காக நானும் மனைவியும் இங்கே வந்து நான்கு மாதமாகிறது. பொழுது போக வேண்டுமே என்று மாப்பிள்ளை வீட்டு வம்சாவளியைத் தேட உட்கார்ந்தேன். அவர்கள் ஊர் சர்ச்சின் பழைய பதிவேடுகளைக் கணினியிலேயே படமாகப் பார்க்க முடிகிறது. பார்த்ததில் ஒரு சங்கடம். அவர்களுடைய மூதாதையர் ஒருவருக்குக் கல்யாணம் 1709 மே மாதம். மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் 1709 பிப்ரவரி! சம்பந்தி அம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது? அதே தம்பதிக்கு 1712இல் ஒரு ஜான், 1715இல் இன்னொரு ஜான். எழுதியவர் தவறா? இணையத்தில் யாரோ போட்டிருக்கும் வம்சாவளியில் 1712 ஜானிலிருந்துதான் மாப்பிள்ளை வரை கோடு இழுத்திருக்கிறார்கள். அடக்கப் பக்கங்களில் பெயருக்குப் பெயர் 'அஃபிட்' என்று கிறுக்கியிருக்கிறது. புரியாததால் அந்தப் பக்கங்களை விட்டுவிட்டேன்.

ர.

அன்புள்ள ர.,

முதலில் சம்பந்தி அம்மாள் விஷயம். தைரியமாகச் சொல்லுங்கள், அவர்கள் குலத்துக்கு ஒரு களங்கமும் இல்லை. 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. ஆகவே 1709 மே முன்னால் வரும், 1709 பிப்ரவரி பின்னால் வரும். இன்றைய கணக்கில் அது 1710 பிப்ரவரி. நமக்கு இது புதிதா என்ன? வைகாசியில் கல்யாணம், மாசியில் பிள்ளை என்றால் இரண்டும் ஒரே தமிழ் வருஷத்தில்தானே விழும். சந்தேகமிருந்தால் பதிவேட்டை மறுபடி புரட்டுங்கள். 1709 டிசம்பருக்கு அடுத்து வருவது 1709 ஜனவரியாக இருக்கும். பின்னால் வருகிறவர்கள் குழம்பக்கூடாதென்று 1709/10 என்று இரண்டு வருஷத்தையும் போட்ட பாதிரியார்களும் உண்டு. உங்கள் ஊர்க்காரர் அந்த ரகம் இல்லை போலிருக்கிறது. 1752இலிருந்துதான் ஜனவரி 1 வருஷப்பிறப்பு. அதே ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று பதினோரு நாளைத் தூக்கிவிட்டார்கள்.

மே முதல் பிப்ரவரி வரை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஒன்பது மாதம். இந்த விஷயத்தில் நிஜமாகவே நெளிந்திருக்க வேண்டியது ஷேக்ஸ்பியரின் சம்பந்திகள். அவருடைய கல்யாணத்துக்கு அனுமதிப் பத்திரம் வாங்கியது 1582 நவம்பர் கடைசியில். மூத்த மகள் சூசன்னாவுக்கு அவருடைய ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஞானஸ்நானம் 1583 மே 26. இங்கே எந்தக் காலண்டரும் கைகொடுக்காது.

ஸ்ட்ராட்ஃபோர்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பதிவேடுகளை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு ஏடே போதும். 1564 ஏப்ரல் 26 அன்று 'குலியல்மஸ் ஃபிலியஸ் யோஹன்னஸ் ஷேக்ஸ்பியர்' என்று ஒரே வரி. ஜானின் மகன் வில்லியம், அவ்வளவுதான். 'யோஹன்னிஸ்' என்று வேற்றுமை உருபோடு எழுதியிருக்க வேண்டும், எழுதியவரின் லத்தீன் அந்த அளவில் இருந்திருக்கிறது. தாயின் பெயர் இல்லை. பிறந்த தேதியும் இல்லை. ஏப்ரல் 23 என்று உலகம் கொண்டாடுவது இந்த ஞானஸ்நானத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. அந்த வரியே அன்றைக்கு எழுதியதுமல்ல. எலிசபெத் காலத்தில், 1598 வாக்கில், காகித ஏடுகளையெல்லாம் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னார்கள். முக்கியமாக ராணி பட்டமேறிய 1558இலிருந்து எழுதினால் போதும் என்று ஒரு சலுகையும் கொடுத்தார்கள். விடுவார்களா? அதற்கு முந்தைய இருபது வருஷம் பல ஊர்களில் அப்படியே போய்விட்டது. நீங்கள் பின்னால் போகப் போக 1558இல் ஏன் சுவர் இடிக்கிறது என்று கேட்பீர்கள், அதற்கும் இதுதான் பதில்.

அந்த இருபது வருஷத்தின் தொடக்கத்தில், 1538இல், இந்தப் பதிவேட்டு வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல். நம் பக்கத்தில் பங்கு, சேகரம் என்கிறோமே, அந்த மாதிரி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எழுதி வைக்க வேண்டும். எழுதிய ஏட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும், ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று சர்ச் நிர்வாகத்தைக் கவனிக்கும் வார்டன்களிடம். தவறினால் மூன்று ஷில்லிங் நாலு பென்ஸ் அபராதம். வரி போடத்தான் இந்தக் கணக்கெல்லாம் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பயந்தது வீண்போகவில்லை. 1695இல் பிரான்ஸோடு நடந்த சண்டைச் செலவுக்காகப் பிறப்பு, கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் வரி வந்தது.

சரி, உங்கள் அஃபிட். அஃபிடவிட் என்பதன் சுருக்கம் அது. ஆட்டு ரோம வியாபாரத்தைக் காப்பாற்ற, பிணத்துக்குக் கம்பளித் துணிதான் சுற்ற வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். கம்பளியில்தான் புதைத்தோம் என்று யாராவது சத்தியம் செய்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து பவுண்டு அபராதம். வசதியுள்ளவர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு லினன் துணியில் போனார்கள்.

ஆகவே அஃபிட்டைக் கண்டு மிரள வேண்டாம், நீங்கள் விட்டுவிட்ட அந்த அடக்கப் பக்கங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. இரண்டு ஜான் என்பது எழுத்துப் பிழை இல்லை. முதல் ஜான் போய்விட்டால் அடுத்து பிறக்கும் ஆண் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அங்கே சர்வ சாதாரணம். நம் வீடுகளில் பிள்ளை தங்காமல் போனால் அடுத்ததை எமன் சீண்டக்கூடாதென்று குப்பு, பிச்சை என்று வைத்தார்கள். அவர்கள் போன பிள்ளையின் பெயரையே திரும்ப எடுத்தார்கள், தாத்தாவின் பெயராக இருந்திருக்கும். அபூர்வமாக, உயிரோடிருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்ததும் உண்டு என்பதால் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். 1712க்கும் 1715க்கும் நடுவில் வரி வரியாகப் போய், 'இன்னாரின் மகன் ஜான்' என்று அடக்கம் இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால், இணையத்து வம்சாவளி கைக்குழந்தையாகப் போன ஒருவனுக்குக் கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து, உங்கள் மாப்பிள்ளை வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அர்த்தம். இது அதிகம் நடக்கிற தப்பு. தேடுகிறவர்கள் ஞானஸ்நானத்தில் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சாவுப் பக்கத்தைப் புரட்ட யாருக்கும் கை வருவதில்லை. பேறுகால வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் அதைச் செய்யச் சொல்வது எனக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அந்த இரண்டு மூன்று வருஷப் பக்கங்கள் செல்லரித்திருந்தால், ஒவ்வொரு பாரிஷும் வருஷா வருஷம் மேலிடத்துக்கு அனுப்பிய நகலைத் தேடுங்கள். நார்விச்சில் இருக்கும் நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் கேட்டால் சொல்வார்கள். நேரில் போனால் பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில்தான் அனுமதி.

இரண்டாவது ஜான் எத்தனை வயதில் அடக்கமானான் என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்தக் காலப் பதிவேட்டில் பெரும்பாலும் வயது போட்டிருக்க மாட்டார்கள், 1813இல் அச்சடித்த படிவம் வந்த பிறகுதான் அது எல்லா ஊரிலும் வழக்கமானது. தேதியைக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கழிக்கும்போது மார்ச் 25ஐ மறந்துவிடாதீர்கள்.