மணி சொல்லும் ஸ்பீக்கர், பாட்டு மட்டும் போடாதா?

ஸ்மார்ட் ஸ்பீக்கர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மணி கேட்டால் சொல்கிறது, அலாரம் வைக்கிறது. பாட்டுப் போடச் சொன்னால் மட்டும் 'இப்போது இயக்க முடியவில்லை' என்கிறது. பலமுறை பிளக்கைப் பிடுங்கி மாட்டியாயிற்று. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. மணி சொல்கிறது என்றாலே மைக், வைஃபை, உள்ளே இருக்கும் ஒலிபெருக்கி மூன்றும் நலம். பாட்டு விஷயத்தில் வழி கொஞ்சம் நீளம். உங்கள் குரல் முதலில் ஸ்பீக்கர் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் அக்கவுன்ட்டின் பெயரில் இசைச் சேவைக்குக் கோரிக்கை போகிறது. அந்தச் சேவை சம்மதித்த பிறகே பாட்டு வீட்டுக்கு வருகிறது. உங்கள் வீட்டில் தடங்கல் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. ஏதாவது ஓர் இணைய வானொலியைப் போடச் சொல்லுங்கள். டியூன்இன் என்ற இணைய வானொலிச் சேவை வழியாக வரும் வானொலிகளுக்கு இசைச் சேவையின் அக்கவுன்ட் தேவையில்லை. வானொலி ஒலித்தால் இசைச் சேவையோடு உள்ள இணைப்பில்தான் கோளாறு. அடுத்து, பாட்டின் பெயரோடு சேவையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அப்போது பாடினால், ஸ்பீக்கர் இத்தனை நாளும் நீங்கள் சந்தா கட்டாத வேறொரு சேவையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. பெயர் சொல்லாதபோது எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்பதை ஸ்பீக்கரின் ஆப்பில் 'டீஃபால்ட்' என்ற இடத்தில் மாற்றிவிடலாம்.

சேவையின் பெயரைச் சொல்லியும் பாடவில்லையா? இணைப்பைத் துண்டித்து மறுபடி கொடுங்கள். அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் என்றால் அலெக்ஸா ஆப்பில் 'மோர்', 'செட்டிங்ஸ்', 'மியூசிக் அண்ட் பாட்காஸ்ட்ஸ்' என்று போனால் இணைத்த சேவைகள் வரிசையாக இருக்கும். கூகுள் ஹோம் ஆப்பில் செட்டிங்ஸுக்குள் 'மியூசிக்' என்ற பகுதி. ஆப் புதுப்பிக்கப்படும்போது இந்தப் பெயர்கள் கொஞ்சம் இடம் மாறும். 'மியூசிக்' என்ற சொல்லைத் தேடினால் போதும். இசைச் சேவையின் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு இந்தத் தொல்லை அதிகம் வரும். போனில் அதே சேவையின் ஆப் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. போனில் செய்த லாகின் வேறு, ஸ்பீக்கருக்குக் கொடுத்த அனுமதி வேறு.

வீட்டில் ஒருவர் கேட்டால் பாடுகிறது, இன்னொருவர் கேட்டால் மறுக்கிறது என்றால் அது குரல் அடையாளத்தின் வேலை. கூகுள் ஸ்பீக்கரில் 'வாய்ஸ் மேட்ச்' பதிந்தவர்களுக்கு அவரவர் அக்கவுன்ட்டில் இணைந்த இசைச் சேவையே ஒலிக்கும். இரண்டாமவரும் தன் போனில் தன் அக்கவுன்ட்டில் சேவையை இணைக்க வேண்டும்.

கேள்வி: பாட்டு தொடங்கும், ஒரு நிமிடத்தில் நிற்கும். சில சமயம் 'வேறொரு சாதனத்தில் ஒலிக்கிறது' என்று சொல்லிவிட்டு நிற்கிறது. இணைய வேகம் நன்றாகவே இருக்கிறது.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். 'வேறொரு சாதனம்' என்று சொல்லி நின்றால் வைஃபையைத் தொடாதீர்கள். தனிநபர் சந்தா பொதுவாக ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் ஒலிக்கும். உங்கள் அக்கவுன்ட்டில் வெளியே யாரோ போனில் பாட்டைத் தட்டிய கணத்தில் வீட்டில் நின்றுவிடுகிறது. குடும்பச் சந்தா வாங்கினால் மட்டும் இது தீராது. எல்லோரும் பழைய ஒரே லாகினையே பயன்படுத்தினால் அதே கதைதான். ஆளுக்கொரு அக்கவுன்ட் உண்டாக்கி அதைத்தான் இணைக்க வேண்டும்.

ஒன்றும் சொல்லாமல் நின்றால் வைஃபையைச் சந்தேகிக்கலாம். ஆனால் வேகத்தை அல்ல. நல்ல தரத்தில் ஒலிக்கும் பாட்டுக்கு நொடிக்கு 320 கிலோபிட் போதும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 144 எம்பி. எந்தச் சாதாரண இணைப்பும் இதைத் தாங்கும். பாட்டை நிறுத்துவது, சிக்னல் சில நொடி அறுந்து அறுந்து வருவது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சட்டென்று மெலியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு போகும், ஆனால் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் புழங்குகின்றன. அடுப்பு ஓடும்போது மட்டும் பாட்டு தடுமாறினால் காரணம் தேடி அலைய வேண்டாம், ஸ்பீக்கரை நகர்த்துங்கள். டிவிக்குப் பின்னாலும் இரும்பு அலமாரிக்குள்ளும் வைப்பது நமக்கே நாம் செய்துகொள்ளும் வினை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

இடம் மாற்றியும் சரியாகவில்லை என்றால் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். அது முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதன் பிறகே ஸ்பீக்கரின் பிளக்கை மாட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஸ்பீக்கர் முந்திக்கொண்டு வைஃபையைத் தேடி ஏமாறும். இதற்கும் மசியவில்லை என்றால் வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் ஸ்பீக்கரை இணைத்து 10 நிமிடம் பாட விடுங்கள். 25 எம்பிக்குள் முடிந்துவிடும். அதில் தடையில்லாமல் பாடினால் குற்றவாளி உங்கள் ரவுட்டர் அல்லது வீட்டு இணைய இணைப்பு.

கேள்வி: 'இதோ பாட்டு' என்று சொல்கிறது. அதன் பிறகு மௌனம். ஆப்பில் பாட்டு ஓடுவதாகவே காட்டுகிறது.

பதில்: பாட்டு ஓடுகிறது, வேறெங்கோ. பதில் குரல் ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பாட்டு மட்டும் கேட்காவிட்டால், இசைக்கென்று வேறொரு ஸ்பீக்கரோ டிவியோ தேர்வாகியிருக்கிறது. கூகுள் ஹோம் ஆப்பில் அந்தச் சாதனத்தின் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் மியூசிக் ஸ்பீக்கர்' எது என்று பாருங்கள். அலெக்ஸாவில் அறைவாரியான குரூப்புக்குள் 'ப்ரிஃபர்ட் ஸ்பீக்கர்' என்பதைப் பாருங்கள். பதில் குரலே வராமல் விளக்கு மட்டும் எரிந்தால் வேறு காரணம்: பழைய ப்ளூடூத் ஸ்பீக்கரோடு தானாக இணைந்திருக்கும், அல்லது பின்னால் 3.5 மிமீ கேபிள் செருகியிருக்கும். எக்கோவில் அந்தத் துளையில் கேபிள் ஏறினால் உள் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். கேபிளின் மறுமுனை எதிலும் இல்லாமல் தரையில் தொங்கினாலும் அப்படித்தான்.

கேள்வி: போனிலிருந்து பாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பப் பார்த்தால் பட்டியலில் ஸ்பீக்கரே இல்லை. குரலில் சொன்னால் பாடுகிறது.

பதில்: பெரும்பாலும் போனும் ஸ்பீக்கரும் ஒரே வைஃபையில் இருக்காது. போன் மொபைல் டேட்டாவில் இருக்கலாம், போனின் இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது இரண்டில் ஒன்று விருந்தினருக்கென்று தனியாக வைத்த 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கலாம். ஒரே வைஃபைதான் என்றால் ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' என்ற வசதி இயங்குகிறதா பாருங்கள். அது சாதனங்கள் ஒன்றையொன்று காணாமல் தடுக்கும்.

கேள்வி: தமிழ்ப் பாட்டின் பெயரைச் சொன்னால் சம்பந்தமே இல்லாத எதையோ போடுகிறது.

பதில்: அது என்ன கேட்டது என்று முதலில் பாருங்கள். அலெக்ஸா ஆப்பில் 'ஆக்டிவிட்டி' பகுதியில் நீங்கள் பேசியது எழுத்தாக இருக்கும். ஆங்கிலத்துக்குப் பழக்கிய காதில் தமிழ்ப் பெயர் எப்படியெல்லாம் விழுகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். உச்சரிப்போடு மல்லுக்கட்டுவதைவிட, வேண்டிய பாட்டுகளை இசை ஆப்பில் ஒரு பிளேலிஸ்ட்டாகச் சேர்த்து, 'மார்னிங் ஒன்' போல எளிய ஆங்கிலப் பெயர் வைத்து அதைக் கேளுங்கள். பெயரைச் சரியாகக் கேட்டும் வேறு பாட்டுப் போட்டால் உங்கள் சந்தாவைப் பாருங்கள். அமேசான் பிரைமோடு சேர்ந்து வரும் இசைச் சேவை 2022 நவம்பரில் பல நாடுகளில் கலைத்துப் போடும் முறைக்கு மாறியது. கேட்ட பாட்டுக்குப் பதில் அதையொத்த பாட்டுகள் வருவது அதில் இயல்பு.

கேள்வி: சத்தத்தைக் கூட்டினால் பாதிப் பாட்டில் அணைந்து, தானாக மறுபடி எழுகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அடாப்டரைப் பாருங்கள். கூடவே வந்த அடாப்டர் தொலைந்து போன் சார்ஜரையோ டிவியின் யுஎஸ்பி துளையையோ பயன்படுத்துகிறீர்களா? 5 வாட் சார்ஜரில் ஸ்பீக்கர் பேசும், மெதுவாகப் பாடவும் செய்யும். அடித்து முழங்கும் இடம் வந்தால் கேட்கும் மின்சாரம் கிடைக்காமல் விழுந்துவிடும். எக்கோ டாட் மூன்றாம், நான்காம் தலைமுறைக்கு 15 வாட் அடாப்டர் வேண்டும். கூகுள் நெஸ்ட் மினிக்கும் 15 வாட். வோல்ட்டும் முனையும் மாடலுக்கு மாடல் வேறு, ஆகவே ஸ்பீக்கரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

ரீசெட் செய்தால் வைஃபை, குரூப், விளக்கு இணைப்புகள் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். மேலே சொன்ன எந்தக் கோளாறுக்கும் அது தேவையில்லை. ஸ்பீக்கரை வேறொருவருக்குக் கொடுக்கும்போது மட்டும் செய்யுங்கள்.