குழந்தைகள் சேவை மீது ஒம்புட்ஸ்மனிடம் முறையிட்டால் என்ன நடக்கும்?

இங்கிலாந்தில் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) குழந்தைகள் சேவைப் பிரிவு, தீங்கு நேரலாம் என்று கருதப்படும் பிள்ளைகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் பிள்ளைகளைச் சேர்த்திருப்பதாகவும், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியான ஒம்புட்ஸ்மனிடம் முறையிட்டால் அதை அவர் நீக்குவாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீக்கமாட்டார், அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. நீதிமன்றம் தீர்மானித்த எதிலும் அவர் கைவைக்க முடியாது. அந்த முடிவுக்குக் கவுன்சில் வந்த வழி முறையானதா, அதில் பிழை இருந்தால் அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு ஏற்பட்டது என்பதையே அவர் ஆராய்வார்.

இதன் அருமையை எனக்கு உணர்த்தியவர், நான் கடிதங்கள் வாசித்துக் கொடுத்து உதவிய ஒரு யாழ்ப்பாணத்துத் தாய். பிள்ளைகளைத் திட்டத்தில் சேர்ப்பதா என்று முடிவெடுக்கும் பாதுகாப்புக் கூட்டத்துக்கான அறிக்கை அன்று காலையில்தான், வரவேற்பறையில் வைத்து, அவர் கையில் கொடுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. பதின்மூன்று வயது மகனையே மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையிலிருந்த சொல்லுக்குத் தமிழ் தெரியாத அந்தப் பிள்ளை, "நீங்கள் எங்களைக் கவனிக்கவில்லையாம், அம்மா" என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறான்.

அவர் முதலில் எழுதிய மூன்று பக்கங்களிலும் அந்தச் சமூகப் பணியாளர் எவ்வளவு கெட்டவர் என்பதுதான் இருந்தது. அவருடைய கோபம் நியாயமானது. ஆனாலும் அதை ஒதுக்கிவைத்து, எந்தத் தேதியில் என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், அதனால் தாம் எதைச் சொல்ல முடியாமல் போயிற்று என்று மீண்டும் எழுதினோம். நீங்களும் அப்படியே எழுதுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

முதலில் கவுன்சிலிடமே முறையிட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் கீழ் வரும் பல முறைப்பாடுகளுக்கு மூன்று படிகள் உண்டு: முதலாவது அந்தப் பிரிவே தரும் பதில், இரண்டாவது சுயாதீனமான ஒருவரின் மேற்பார்வையுடன் நடக்கும் விசாரணை, மூன்றாவது மறுஆய்வுக் குழு. பாதுகாப்புக் கூட்டம் பற்றிய முறைப்பாடு பெரும்பாலும் இந்த மூன்று படிகளில் வராமல் கவுன்சிலின் பொதுவான முறைப்பாட்டு வழியில் செல்லும். எந்த வழியில் எடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இறுதிப் பதில் வந்ததும், அல்லது அவர்கள் பதிலே தராமல் இழுத்தடித்தால், உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம். கட்டணம் இல்லை. பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் செல்வதே பொதுவான விதி. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனி ஒம்புட்ஸ்மன்கள் உள்ளனர்.

முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டால், விசாரணையாளர் கவுன்சிலின் கோப்புகளையும் பணியாளர்களின் குறிப்புகளையும் வரவழைத்து, சட்டத்தோடும் கவுன்சிலின் சொந்த விதிகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் உங்கள் பக்கத்து வழக்கறிஞரும் அல்லர், கவுன்சிலின் ஆளும் அல்லர். இறுதி முடிவுக்கு முன் அதன் வரைவை இரு தரப்புக்கும் அனுப்புவார். அதை வரிவரியாகப் படியுங்கள். அந்தத் தாய் வரைவில் ஒரு தேதி பிழையென்று கண்டுபிடித்து, நாட்குறிப்பைக் காட்டித் திருத்த வைத்தார்.

பிழை உண்டென்று கண்டால், மன்னிப்புக் கடிதம், கோப்பில் திருத்தக் குறிப்பு, பணியாளர்களுக்குப் பயிற்சி, ஒரு சிறு தொகை என்பவற்றை ஒம்புட்ஸ்மன் பரிந்துரைப்பார். பரிந்துரை சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் கவுன்சில்கள் மிகப் பெரும்பாலும் ஏற்கின்றன. ஏற்க மறுத்தால் அவர் பகிரங்க அறிக்கை வெளியிடலாம். பணியாளரின் தனிப்பட்ட தொழில் ஒழுக்கம் பற்றியதென்றால் அது சமூகப் பணியாளர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான சோஷல் வேர்க் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டியது. பிள்ளையைப் பராமரிப்பில் எடுக்கக் கவுன்சில் நீதிமன்றம் சென்றாலோ முறைப்பாட்டுக்காகக் காத்திராமல் உடனே வழக்கறிஞரிடம் செல்லுங்கள். அந்த வழக்கில் பெற்றோருக்கு வருமானம் பாராமல் சட்ட உதவி கிடைக்கும்.

அந்தத் தாய்க்கு மன்னிப்புக் கடிதம் தமிழில் வந்தது. திட்டம் அன்று நீங்கவில்லை. ஆனால் அடுத்த மறுஆய்வுக் கூட்டத்தில் அவர் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அமர்ந்திருந்தார். மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.