கடையில் சாம்பல், சுவரில் நீலம்: வீட்டின் வெளிச்சுவருக்கு எந்த கிரே?

கேள்வி: புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் மேற்குப் பார்த்த வீடு கட்டி முடித்திருக்கிறோம். கீழும் மாடியும் சேர்த்து 1,800 சதுர அடி. வெளியே கிரே அடிப்பது என்று முடிவு. என் வீட்டுக்காரருக்கு இன்டர்நெட்டில் பார்த்த கரும் கிரேதான் வேண்டும். மாமியாரோ, "பூச்சு வேலையோடு காசு தீர்ந்துபோய் அப்படியே விட்ட வீடு மாதிரி இருக்கும்" என்கிறார். கடையில் ஒரு லைட் கிரே பார்த்து ஒரு லிட்டர் வாங்கி மாடிச் சுவரில் அடித்துப் பார்த்தோம், நீலமாகத் தெரிகிறது. ஷேட் கார்டில் சுத்தமான சாம்பலாகத்தான் இருந்தது. ஜன்னல் கிரில் கறுப்பு, வாசல் கதவு தேக்கு, போர்டிகோ மேல் செங்கல் நிற ஓடு, தெற்கே ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டின் ஆரஞ்சுச் சுவர். எந்த கிரேவை எடுப்பது?

பதில்: உங்கள் மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி சரி. நடுத்தரமான, வேறு எந்தச் சாயலும் இல்லாத கிரேவை எடுத்து வீடு முழுக்க அடித்தால் அது சிமென்ட் பூச்சு மாதிரியேதான் இருக்கும், ஏனென்றால் சிமென்ட் பூச்சின் நிறமே அதுதான். தெருவில் போகிறவர்கள் "எப்போ பெயின்ட் அடிக்கப் போறீங்க" என்று கேட்ட வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அந்த நடுப்பகுதியை விட்டு விலக வேண்டும். சுவருக்கு அதைவிட நன்றாக வெளுத்தது, கொஞ்சம் மண் சாயல் கலந்தது. உங்கள் வீட்டுக்காரர் கேட்கிற கருப்புக்கும் இடம் இருக்கிறது, ஆனால் வீடு முழுக்க இல்லை. எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த நீலம். கிரே என்று தனியாக ஒரு நிறம் டப்பாவில் வருவதில்லை. வெள்ளை பேஸில், அதாவது அடிப்படை பெயின்டில், கடையின் கலர் கலக்கும் மெஷின் சொட்டுச் சொட்டாகக் கறுப்பை விடுகிறது, கூடவே வேறு ஒன்றிரண்டு நிறங்களையும் விடுகிறது. வெள்ளையில் கறுப்பை மட்டும் விட்டாலே லேசாக நீலம் தட்டும், அதோடு நீலமோ ஊதாவோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் சேர்ந்தால் அந்த நீலம் அடங்கி மண் சாயல் வரும். நம் வீடுகளில் தெரிந்த பொருளை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். விபூதி சாம்பல்தான், ஆனால் அதில் ஒரு சூடு இருக்கிறது. புறா முதுகு சாம்பல்தான், அதில் நீலம் ஓடுகிறது. மழை மேகத்தில் ஊதா இருக்கிறது, பழைய அம்மிக்கல்லில் சில சமயம் பச்சை எட்டிப் பார்க்கும். நான்கையும் தனித்தனியாகப் பார்த்தால் சாம்பல் என்போம், பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கடையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, யாரும் கேட்பதில்லை. நீங்கள் விரும்பிய ஷேடின் நம்பரைச் சொல்லி, "இதில் என்னென்ன கலர் விழுகிறது, மெஷினில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஃபார்முலா திரையில் வரும். கறுப்போடு மஞ்சள் ஆக்சைடு, கொஞ்சம் சிவப்பு ஆக்சைடு இருந்தால் நமக்கு வேண்டியது அதுதான். கறுப்போடு நீலம் அல்லது ஊதா இருந்தால் கார்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். இந்த ஆக்சைடு நிறங்களுக்கு இன்னொரு நல்ல குணம், வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. மண் சாயல் கிரே வருடக்கணக்கில் அதே நிறத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபார்முலா காட்ட மாட்டோம் என்று சொல்கிற கடையில், ஷேட் கார்டை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்து, கடைக்கு வெளியே வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். கடை லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குக் கார்டை மட்டும் பார்த்து லைட் கிரே எடுத்துக் கொடுத்தேன். காலையில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் சாரத்தை அவிழ்த்துக் கீழே இறங்கி ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் வீடு முழுக்க கத்தரிப்பூ நிறம். அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலி வாங்காமல் மறுபடி இரண்டு கோட் அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து சுவரில் அடித்துக் காட்டாமல் நான் எந்த கிரேவையும் யாருக்கும் சொல்வதில்லை.

உங்கள் சுவரில் நீலம் கூடுதலாகத் தெரிவதற்கு இடமும் காரணம். கிரேவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சோ செங்கல் நிறமோ இருந்தால் கண் அதற்கு எதிரான சாயலை கிரேவில் ஏற்றிப் பார்க்கும், அந்த எதிர் நிறம் நீலம். உங்களுக்குத் தெற்கே ஆரஞ்சுச் சுவர், முன்னால் செங்கல் ஓடு, கீழே புதுக்கோட்டைச் செம்மண். மூன்றும் சேர்ந்து சுத்தமான கிரேவைக்கூட நீலமாக்கிவிடும். தேக்குக் கதவும் அந்தக் கட்சிதான். இன்னொன்று, வெறும் பூச்சுச் சுவரின் நடுவில் ஒரு கட்டம் அடித்திருந்தீர்கள் என்றால் அந்தச் சோதனையே செல்லாது, சுற்றியிருக்கும் பூச்சின் மங்கல் நிறம் நடுவில் இருக்கும் கிரேவைத் தள்ளிக் காட்டும்.

வெயில் விஷயத்தில் வெளிநாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "வடக்குச் சுவருக்கு வெயிலே வராது, நிழல் வெளிச்சம்தான்" என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. புதுக்கோட்டையில் ஏப்ரல் மூன்றாம் வாரம் வாக்கில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் உச்சியைத் தாண்டித் தெற்கே திரும்புகிறது. ஆக மே, ஜூன், ஜூலையில் உங்கள் வடக்குச் சுவருக்கு வெயில் உண்டு. மார்கழி, தை மாதங்களில் அந்தச் சுவருக்கு வானத்து வெளிச்சம் மட்டும்தான், அப்போது எந்த கிரேவும் அங்கே கொஞ்சம் நீலமாகத்தான் நிற்கும். மேற்குச் சுவர் உங்கள் வாசல் பக்கம், நான்கு மணிக்கு மேல் மஞ்சள் வெயில் நேராக அடிக்கிற இடம். மண் சாயல் அதிகமான கிரே அங்கே அந்த நேரத்தில் கிட்டத்தட்ட சந்தனமாகிவிடும். அதனால் மண் சாயல் வேண்டும், ஆனால் மேலே சொன்ன ஃபார்முலாவில் மஞ்சள் கறுப்பைவிடத் தூக்கலாக இருக்கிற ஷேட் வேண்டாம்.

அடுத்து, எவ்வளவு கருப்பு. பல கம்பெனிகள் ஷேடுக்குப் பக்கத்தில் அல்லது தங்கள் இணையதளத்தில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள். கருமைக்கு 0, முழு வெள்ளைக்கு 100, மேலே விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்பதன் கணக்கு. நெட்டில் உங்கள் வீட்டுக்காரர் பார்த்த கரும் கிரே பெரும்பாலும் 10, 15 இருக்கும். அதாவது விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு 85, 90 பங்கைச் சுவரே குடித்துக்கொள்கிறது. சித்திரை மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரும் கிரே அடித்த மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், எடுத்துவிடுவீர்கள். அதே வீட்டில் வெளிர் பட்டை அடித்த இடத்தில் கையை வைத்தால் வைத்தபடி நிற்கலாம். அந்தச் சூடு இராத்திரி பத்து மணி வரை அந்தச் சுவரை ஒட்டிய படுக்கையறைக்குள் இறங்கும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி, பூச்சில் முடி மாதிரி கீறலும் சீக்கிரம் விழும். குளிர் நாட்டுக்காரர்களுக்குக் கரும் சுவர் பொருந்தலாம், நமக்கு மேற்குச் சுவரில் அது வேண்டவே வேண்டாம்.

சரி, என்ன அடிக்கலாம்? பெரிய சுவர்கள் எல்லாவற்றுக்கும் எல்.ஆர்.வி. 55 முதல் 60 வரை உள்ள, விபூதிப் பக்கம் சாய்ந்த கிரே. கடையில் பார்க்கும்போது "இது கொஞ்சம் கருப்பாக இருக்கிறதே" என்று தோன்றும், பரவாயில்லை, எடுங்கள். இரண்டு இஞ்ச் கார்டில் தெரிகிற நிறம் வெட்டவெளியில் இருபது அடிச் சுவரில் ஒரு படி, சில சமயம் இரண்டு படி வெளுத்துப்போகும். 70க்கு மேல் எடுத்தால் மத்தியான வெயிலில் அழுக்கு வெள்ளை மாதிரிதான் தெரியும், கிரே அடித்ததாக யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டுக்காரரின் கரும் கிரே, அதுவும் அதே மண் சாயலில், எல்.ஆர்.வி. 15 முதல் 20 வரை, இரண்டு இடத்தில். ஒன்று பேஸ்மட்டம். தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை மழை தெறித்துச் செம்மண் ஏறுகிற இடம் அது, வெளிர் கிரேவில் ஒரே ஐப்பசி மழையில் செங்காவிப் பட்டை விழுந்துவிடும். இரண்டாவது, போர்டிகோவின் உள்சுவரும் வாசல் கதவைச் சுற்றியுள்ள சுவரும். அங்கே மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் விழாது, சாயங்கால வெயில் கொஞ்சம் உள்ளே வந்தாலும் மாடிச் சுவர் அளவுக்கு இல்லை. கரும் பின்னணியில் தேக்குக் கதவு எப்படி நிற்கும் என்று பார்த்தால் அவரே ஒத்துக்கொள்வார். சன்ஷேடு விளிம்புக்கும் கைப்பிடிச் சுவரின் மேல் பட்டைக்கும் வெள்ளை வேண்டும் என்றால் பால் வெள்ளை எடுக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் கிரேவை அது இன்னும் கருப்பாகக் காட்டும். கொஞ்சம் க்ரீம் கலந்த ஆஃப் ஒயிட் போதும். கறுப்பு கிரில் அப்படியே இருக்கட்டும், எந்த கிரேவோடும் போகும்.

ஃபினிஷில் மேட் வாங்குங்கள். பளபளப்பு உள்ளது வெளிச்சுவரில் ரோலர் ஓடிய தடத்தையும் பூச்சின் மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும், கரும் நிறத்தில் இன்னும் மோசம்.

இப்போது சுவரில் சோதிக்கிற விஷயம், இதில் அவசரப்படாதீர்கள். மூன்று ஷேட் வரை குறைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் சின்ன டப்பா வாங்குங்கள். பழைய ஹார்ட்போர்டோ சிமென்ட் போர்டோ மூன்றடிக்கு மூன்றடி எடுத்து, வெள்ளை ப்ரைமர் ஒரு கோட், மேலே ஷேட் இரண்டு கோட். எமல்ஷன் ஈரத்தில் வெளுத்துத் தெரியும், காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும், அதனால் மறுநாள் வரை பார்க்கவே வேண்டாம். சுவரில் அடிப்பதைவிட போர்டு நல்லது, நான்கு பக்கமும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆரஞ்சுச் சுவர் பக்கம் ஒரு தடவை, செங்கல் ஓட்டுக்குக் கீழே ஒரு தடவை, தேக்குக் கதவை ஒட்டி ஒரு தடவை. காலை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து என்று மூன்று நேரம் பாருங்கள், முடிந்தால் மேகமூட்டமான ஒரு நாளும். பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள், வீட்டை எல்லோரும் அங்கிருந்துதான் பார்க்கிறார்கள். மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அடிப்பதற்கு முன் பூச்சு காய்ந்திருக்க வேண்டும். குறைந்தது 28 நாள், மழைக்காலத்தில் பூசியிருந்தால் இன்னும் அதிகம். ஒன்றரை அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. உப்புத்தண்ணீர் போர்வெல்லில் க்யூரிங் செய்த வீடு என்றால் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள், ஈரத்தோடு உப்பு வெளியே வந்து பூக்கும். வெளிர் கிரேவில் அது கண்ணுக்கு அவ்வளவாகப் படாது, கரும் கிரேவில் வெள்ளை வெள்ளையாக வரைபடம் போட்ட மாதிரி நிற்கும். உங்கள் பேஸ்மட்டத்துக்கு இதுதான் முக்கியமான பயம், அதனால் அந்த இரண்டு அடியை மட்டும் கடைசியில், முழுசாகக் காய்ந்த பிறகு அடியுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ப்ரைமர்.

நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தை பிறந்ததும் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. அடித்த ஓரிரு நாளில் மழை பட்டால் கரும் நிறத்தில் வெளுத்த ஒழுகல் கோடுகள் விழும். சித்திரை வெயிலிலும் அடிக்க வேண்டாம், ரோலர் நகர்வதற்குள் பெயின்ட் இழுத்துக்கொண்டு திட்டுத் திட்டாக நிற்கும். நிழல் போகிற பக்கமாகவே பெயின்டரைப் போகச் சொல்லுங்கள், காலையில் மேற்கு, மத்தியானத்துக்கு மேல் கிழக்கு.

அளவைப் பொறுத்தவரை இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 50 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெரிய சுவர்கள் 2,000 சதுர அடிக்குப் பக்கத்தில் வரும் என்றால் 40 லிட்டர், அதாவது இரண்டு 20 லிட்டர் பக்கெட். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மெஷினில் போட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பெரிய டிரம் ஒன்றில் இரண்டையும் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கிரேவில் கறுப்பு கொஞ்சம் கூடக்குறைய விழுந்தாலும் சுவரின் பாதியில் கோடு கிழித்தாற்போல் தெரியும், முழுச் சுவரை மறுபடி அடிப்பதைத் தவிர அதற்கு வழி கிடையாது. மிச்சத்தில் ஒரு லிட்டரைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். பக்கெட் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஷேட் நம்பர், பேஸ், ஃபார்முலா எல்லாம் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஸ்டிக்கரையும் உரித்து இபி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.