ஃபேன்டசி ஃபுட்பால்: பதினொன்றாவது இடத்திலிருந்து டிராஃப்ட் செய்வது எப்படி?

வாசகர் கேள்வி: அலுவலக நண்பர்கள் நடத்தும் 12 அணி ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில் விளையாடுகிறேன் (அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களின் உண்மையான ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் விளையாட்டு). ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும் ஸ்நேக் முறையில் நடக்கும். ஒவ்வொரு கேட்சுக்கும் புள்ளி தரும் பி.பி.ஆர். புள்ளிமுறை. வாரந்தோறும் ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கி ஓடுபவர்), இரண்டு வைட் ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்), ஒரு ஃபிளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் வைக்கக்கூடிய இடம்), ஒரு கிக்கர் (பந்தை உதைப்பவர்), ஒரு டிஃபென்ஸ் (ஓர் அணியின் முழுத் தடுப்பு வரிசை) ஆகியோரைக் களமிறக்க வேண்டும். சென்ற முறை, அதற்கு முந்தைய பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்து மேலிருந்து கீழாக எடுத்தேன். அட்டவணையின் அடியில்தான் முடித்தேன். இந்த ஆண்டு எனக்கு 11-ஆவது இடம் கிடைத்திருக்கிறது. முதலில் ரன்னிங் பேக்கை எடுப்பதா, வைட் ரிசீவரையா? ஓர் ஆட்டக்காரரின் மதிப்பை எதைக் கொண்டு கணிப்பது?

பதில்: உங்களிடம் இருந்த பட்டியல் ஒருவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் புள்ளிகளில் எவ்வளவு மறுபடியும் கிடைக்கும், அதே இடத்தில் ஆடும் சாதாரண ஆட்டக்காரரைவிட அவர் எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. டிராஃப்டில் நீங்கள் விலை கொடுப்பது இந்த இரண்டுக்கும்தான்.

முதலில் உங்கள் லீக்கின் புள்ளிமுறையை ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள். வழக்கமான பி.பி.ஆர். லீக்கில் ஓடியோ பந்தைப் பிடித்தோ எடுக்கும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பதற்கு) 6 புள்ளி, ஒவ்வொரு கேட்சுக்கும் கூடுதலாக 1 புள்ளி. இந்தக் கடைசி விதி ஒன்றே தரவரிசையைத் தலைகீழாக்கிவிடும். 2020 பருவத்தில் டென்னசி டைட்டன்ஸ் அணியின் டெரிக் ஹென்றி 2,027 யார்டு ஓடி 17 டச்டவுன் எடுத்தார். 19 கேட்சுகளில் 114 யார்டு சேர்த்தார். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் ஆல்வின் கமாரா ஓடியது 932 யார்டு மட்டுமே. ஆனால் ஓட்டத்தில் 16 டச்டவுன், 83 கேட்சுகளில் 756 யார்டு, அவற்றில் மேலும் 5 டச்டவுன். பந்தை நழுவவிட்டதற்கான கழிவுகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால், கேட்சுக்குப் புள்ளி தராத லீக்கில் ஹென்றிக்கு 316, கமாராவுக்கு 295. பி.பி.ஆர். லீக்கிலோ ஹென்றிக்கு 335, கமாராவுக்கு 378. ஆயிரம் யார்டுக்கு மேல் குறைவாக ஓடியவர் 40 புள்ளிக்கு மேல் முந்திவிடுகிறார். எனவே இணையத்தில் கிடைக்கும் எந்தத் தரவரிசையையும் அது எந்தப் புள்ளிமுறைக்காகத் தயாரிக்கப்பட்டது என்று பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அடுத்தது மதிப்பு. ஜோ பிரையண்ட் என்பவர் பரப்பிய கணக்கீட்டு முறை ஒன்று இன்றைக்கும் பல தரவரிசைகளுக்கு அடித்தளமாக இருக்கிறது. அதன் சாரம் எளியது. உங்கள் லீக்கில் ஒரு வாரத்தில் 12 குவார்ட்டர்பேக்குகளே களமிறங்குவார்கள், ஆனால் என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள் இருக்கின்றன. ஆகவே யாரும் எடுக்காத குவார்ட்டர்பேக்குகளிலும் சுமாராக ஆடக்கூடிய சிலர் எப்போதும் மிஞ்சியிருப்பார்கள். ரன்னிங் பேக் வரிசையிலோ குறைந்தது 24 பேர், ஃபிளெக்ஸையும் சேர்த்தால் 30 பேர் வரை களமிறங்குவார்கள். அந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் பந்தே கையில் கிடைக்காத மாற்று ஆட்டக்காரர்கள்தான் எஞ்சுவார்கள். விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம்: முதல் குவார்ட்டர்பேக் 380 புள்ளியும் பன்னிரண்டாமவர் 290 புள்ளியும் எடுப்பார்கள், முதல் ரன்னிங் பேக் 340 புள்ளியும் இருபத்து நான்காமவர் 170 புள்ளியும் எடுப்பார்கள். அந்த இடத்தில் களமிறங்கும் கடைசி ஆளைவிட ஒருவர் எவ்வளவு கூடுதலாக எடுக்கிறாரோ அதுவே அவர் மதிப்பு. அப்படியானால் 380 எடுப்பவரின் மதிப்பு 90, 340 எடுப்பவரின் மதிப்பு 170. மொத்தப் புள்ளிப் பட்டியலில் மேலே இருந்த குவார்ட்டர்பேக் இந்தக் கணக்கில் வெகுவாகக் கீழிறங்கிவிடுகிறார். இரண்டு குவார்ட்டர்பேக்குகளைக் களமிறக்க அனுமதிக்கும் சூப்பர்ஃபிளெக்ஸ் லீக்குகளில் இது முற்றிலும் மாறும், உங்களுடையது அப்படிப்பட்டதல்ல.

டைட் எண்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த இடத்தில் ஓரிருவர் மட்டுமே உயரத்தில் இருப்பார்கள், மற்றவர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் பெரிதாக வேறுபடாமல் கீழே நெருக்கியடித்துக்கொண்டிருப்பார்கள். 2024-இல் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியின் புதுமுகம் பிராக் பவர்ஸ் 112 கேட்சுகளில் 1,194 யார்டு எடுத்தார். இது முதல்தர வைட் ரிசீவர் ஒருவரின் கணக்கு. அத்தகைய ஒருவர் நியாயமான சுற்றில் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் நடுத்தரமான டைட் எண்டுக்காக ஐந்தாம், ஆறாம் சுற்றுகளைச் செலவிடாமல் கடைசிச் சுற்றுகள் வரை காத்திருப்பதே என் பரிந்துரை.

இனி, எது திரும்பக் கிடைக்கும் என்ற கேள்வி. என் அனுபவத்தில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஓர் ஆட்டக்காரரின் புள்ளிகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளால் வந்தவை, டச்டவுன்களால் வந்தவை. அணி ஆடிய ஸ்நாப்களில் (பந்து ஆட்டத்துக்குள் விடப்படும் தடவைகளில்) எத்தனைக்குக் களத்தில் இருந்தார், எத்தனை முறை பந்தைத் தூக்கி ஓடினார், வீசப்பட்ட பந்துகளில் எத்தனை விழுக்காடு அவரை நோக்கி வீசப்பட்டன என்பவை பயிற்சியாளரின் தீர்மானத்தைக் காட்டுகின்றன. பயிற்சியாளரும் தாக்குதல் திட்டமும் மாறாதவரை இவை ஓரளவு நிலையாக நிற்கும். டச்டவுன் அப்படியல்ல. எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் யார் கையில் பந்து கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும்.

இதற்கு மயாமி டால்பின்ஸ் அணியிலேயே உதாரணம் இருக்கிறது. 2023-இல் ரஹீம் மோஸ்டர்ட் 209 முறை ஓடி 1,012 யார்டு எடுத்தார். ஓட்டத்திலும் கேட்சிலும் சேர்த்து 21 டச்டவுன். அவருடைய பி.பி.ஆர். புள்ளிகளில் ஏறத்தாழப் பாதி, அதாவது 126 புள்ளி, டச்டவுன்களால் மட்டுமே வந்தது. கேட்சுகள் 25-தான். வயது 31. அதே அணியில் டிவான் ஏசேன் என்ற புதுமுகம் அந்தப் பருவத்தில் 103 முறை மட்டும் ஓடி 800 யார்டு எடுத்திருந்தார். சென்ற ஆண்டுப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு மோஸ்டர்ட் பெரிய ஆட்டக்காரர். பிரித்துப் பார்த்தவருக்கு ஏசேனின் பங்கு கூடப்போகிறது என்பது தெரிந்திருக்கும். 2024-இல் மோஸ்டர்ட்டுக்குக் கிடைத்தது 2 டச்டவுன். ஏசேன் 78 கேட்சுகள் பிடித்தார். எல்லா நேரத்திலும் இவ்வளவு துல்லியமாகப் பலிக்காது; ஆனால் டச்டவுன்களின் மேல் மட்டும் நிற்கும் புள்ளிக் கணக்குக்கு முழு விலை கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது உங்கள் 11-ஆவது இடத்துக்கு வருவோம். ஸ்நேக் முறையில் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் திரும்புவதால் உங்கள் தேர்வுகள் 11, 14, 35, 38, 59, 62, 83, 86 என்று இரண்டிரண்டாக வரும். 14-க்கும் 35-க்கும் இடையே 20 பேர் போய்விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் ‘இப்போது யார் சிறந்தவர்’ என்று மட்டும் பார்த்தால் போதாது. ‘20 தேர்வுகளுக்குப் பிறகு இந்த இடத்தில் யார் மிஞ்சுவார்’ என்றும் பார்க்க வேண்டும். இதற்காக டிராஃப்டுக்கு முன்பே ஆட்டக்காரர்களை எண் வரிசையாக அல்லாமல் அடுக்குகளாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒரே அளவு புள்ளி எடுக்கக்கூடியவர்கள் ஒரே அடுக்கு. உங்கள் முறை வரும்போது வைட் ரிசீவர் அடுக்கில் ஆறு பேரும் ரன்னிங் பேக் அடுக்கில் ஒருவரும் இருந்தால், தரவரிசையில் ரிசீவர் ஓரிரு படி மேலே இருந்தாலும் அந்த ஒரே ரன்னிங் பேக்கை எடுங்கள். ஆட்டக்காரர்கள் சராசரியாக எந்த இடத்தில் எடுக்கப்படுகிறார்கள் என்பதைக் காட்டும் ஏ.டி.பி. எண், யார் மிஞ்சுவார் என்பதை ஊகிக்க உதவும். அதை மதிப்பின் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்; அது கூட்டத்தின் பழக்கத்தைக் காட்டும் எண் மட்டுமே.

உங்கள் இடத்துக்கென்றே ஒரு வசதியும் உண்டு. இரட்டைப்படைச் சுற்று ஒவ்வொன்றுக்கும் முன்னால், உங்கள் இரண்டு தேர்வுகளுக்கும் நடுவில் வருபவர் 12-ஆம் இடத்துக்காரர் ஒருவர் மட்டுமே. அவர் அணியை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். 59-ஆவது தேர்வில் உங்களுக்கு ஒரு குவார்ட்டர்பேக்கும் ஒரு ரிசீவரும் வேண்டும், அவர் ஏற்கெனவே ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டார் என்றால், நீங்கள் முதலில் ரிசீவரை எடுக்கலாம். குவார்ட்டர்பேக் 62-இல் பெரும்பாலும் உங்களுக்காகவே காத்திருப்பார்.

ரன்னிங் பேக்கா ரிசீவரா என்பதற்கு வருகிறேன். 2013-இல் ஷான் சீகலி எழுதிய ‘ஜீரோ ஆர்.பி.’ உத்தி, முதல் சில சுற்றுகளில் ரன்னிங் பேக்குகளையே தொடாமல் ரிசீவர்களைக் குவிக்கச் சொன்னது. அடிபடும் வாய்ப்பு ரன்னிங் பேக்குகளுக்கே அதிகம், அடிபட்டவரின் இடத்துக்கு வரும் மாற்று ஆட்டக்காரர் திடீரென மதிப்பு பெறுவார் என்பது அதன் தர்க்கம். பெரும்பாலானோர் முதலாவதாக எடுத்த கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2020-இல் 3 ஆட்டங்களும் 2024-இல் 4 ஆட்டங்களும் மட்டுமே ஆடியதை நினைத்தால் அந்த அச்சம் புரியும். ஆனால் அதே 2024-இல் பிலடெல்ஃபியாவுக்கு மாறிய சாக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார். அவர் பல லீக்குகளில் முதல் சுற்றின் கடைசியில், கிட்டத்தட்ட உங்கள் இடத்தில், எடுக்கப்பட்டவர். ஆகவே உத்தியின் பெயரைக் கட்டிக்கொண்டு டிராஃப்டுக்குள் நுழைவதை நான் விரும்புவதில்லை. உங்கள் பி.பி.ஆர். லீக்கில் 11, 14 இரண்டில் குறைந்தது ஒன்று, அணியின் முதன்மை இலக்காக இருக்கும் வைட் ரிசீவராக இருக்கட்டும். மற்றொன்றில் பந்தையும் பிடிக்கும் ரன்னிங் பேக் கிடைத்தால் எடுங்கள், அந்த அடுக்கு காலியாகியிருந்தால் இரண்டாவது ரிசீவரை எடுத்துவிட்டு 59-ஆவது தேர்வுக்குப் பிறகு ரன்னிங் பேக்குகளை எண்ணிக்கையில் சேருங்கள்.

டிராஃப்ட் தேதியை எவ்வளவு தள்ளிவைக்க முடியுமோ அவ்வளவு தள்ளிவைக்கச் சொல்லுங்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று ஜாக்சன்வில் அணி லியனார்ட் ஃபோர்னெட்டை விடுவித்தது. அவர் இடத்தில் ஓடிய ஜேம்ஸ் ராபின்சனை எந்த என்.எஃப்.எல். அணியும் புதுமுகங்களுக்கான டிராஃப்டில் எடுத்திருக்கவில்லை. அந்தப் பருவத்தில் அவர் 1,070 யார்டு ஓடினார். ஆகஸ்ட் நடுவிலேயே டிராஃப்டை முடித்திருந்த லீக்குகளில் ஃபோர்னெட்டுக்கு உயர்ந்த சுற்றுகளைச் செலவிட்டவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிக்கரையும் டிஃபென்ஸையும் கடைசி இரண்டு சுற்றுகளில் எடுங்கள். ஆட்டமில்லா வாரங்கள் மோதுகின்றனவே என்று நல்ல ஆட்டக்காரரை விட்டுவிடாதீர்கள். மாற்று வரிசையில் இரண்டாவது குவார்ட்டர்பேக், இரண்டாவது டைட் எண்ட் போன்றவர்களை நிரப்புவதைவிட, ஒரே ஒருவர் அடிபட்டால் முதன்மை ஓட்டக்காரராகிவிடக்கூடிய ரன்னிங் பேக்குகளையும், பங்கு இன்னும் தீர்மானமாகாத புதுமுக ரிசீவர்களையும் வையுங்கள்.

முதல் வார ஆட்டங்கள் முடிந்ததும், அந்தக் கடைசி இடங்களில் இருப்பவர்களைக் கைவிடத் தயங்காமல் வெய்வர் பட்டியலை (லீக்கில் எந்த அணியும் வைத்திராத ஆட்டக்காரர்களின் பட்டியலை) பாருங்கள். அப்போதும் யார்டுகளுக்கு முன்னால் டார்கெட் எண்ணிக்கையை, அதாவது ஒருவரை நோக்கி எத்தனை பந்துகள் வீசப்பட்டன என்பதைப் பாருங்கள். 2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி என்.எஃப்.எல். டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் எடுத்த ரிசீவர் பூக்கா நக்குவா பெரும்பாலான ஃபேன்டசி லீக்குகளில் எடுக்கப்படாமலே கிடந்தார். கூப்பர் கப் அடிபட்டிருந்ததால் முதல் வாரத்திலேயே அவரை நோக்கி 15 பந்துகள் வீசப்பட்டன. அடுத்த வாரம் 20. பருவ முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு. முதல் வாரத்துக்கும் இரண்டாம் வாரத்துக்கும் இடையிலான அந்தச் சில நாட்களில் கோரிக்கை வைத்தவர்களுக்குத்தான் அவர் கிடைத்தார்.